பச்சிளங்குழந்தையின் நுரையீரலை இஐடி கருவியில் கவனிப்பது: முதல்முறை பெல்ட் கட்டுபவர்களுக்கு

குறைமாதக் குழந்தையின் நுரையீரல் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். சளி எடுத்ததும் சுருங்கும், காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபக்டன்ட் மருந்து கொடுத்ததும் விரியும், புரட்டிப் படுக்க வைத்தால் காற்று வேறு பக்கம் போகும். எக்ஸ்ரே இதில் ஒரு நொடியை மட்டும் பிடித்துக் காட்டும். ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவியோ நுரையீரல் மாறி முடிந்த பிறகு, அதுவும் மறைமுகமாகத்தான் சொல்லும். வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சின் அளவையும் காட்டுகிறது என்றாலும், பச்சிளங்குழந்தையின் தொண்டைக்குள் மூச்சுக்காகப் போடும் குழாயைச் சுற்றிக் காற்று கசியும்போது அந்த எண்ணை முழுதாக நம்ப முடியாது. மூக்கு வழியாகத் தொடர்ந்து அழுத்தத்தில் காற்று தரும் சிபாப்பில் இருக்கும் குழந்தைக்கு அந்த எண்ணும் கிடையாது. ஒரு மூச்சில் எவ்வளவு காற்று, எந்தப் பக்கம் போகிறது என்று அந்தக் குழந்தையின் படுக்கையருகில் தொடர்ந்து காட்டக்கூடிய கருவி இஐடிதான். மின்மறுப்புப் படமெடுப்பை (எலெக்ட்ரிகல் இம்பிடன்ஸ் டோமோகிராஃபி) தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்தச் சுருக்கப் பெயரில்தான் அழைக்கிறார்கள்.

இந்தக் கட்டுரை புதிதாக அந்தப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த செவிலியர், பயிற்சி மருத்துவர், கருவியைப் பராமரிக்கும் பொறியாளர் எல்லோருக்கும் சேர்த்து எழுதியது. உங்களிடம் உள்ள கருவியின் கையேட்டையும், மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தருவதையும் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். இஐடி காட்டுவது மாற்றத்தை. சற்று முன்பு இருந்ததைவிட இப்போது என்ன மாறியிருக்கிறது என்பதுதான் அதன் பதில். அதனால் எது மாறியது, எப்போது மாறியது என்று நீங்கள் எழுதி வைக்காத பதிவு வெறும் வண்ணப் படம்தான். கீழே சொல்லும் ஏறக்குறைய எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

கருவி என்ன செய்கிறது

குழந்தையின் மார்பைச் சுற்றி 16 அல்லது 32 எலெக்ட்ரோடுகள் கொண்ட பெல்ட் இருக்கும். அதில் இரண்டு எலெக்ட்ரோடுகள் வழியாக மிகச் சிறிய மாறுமின்னோட்டம் போகும். அளவு சில மில்லிஆம்பியர்தான், அதிர்வெண் 50 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் மேல். இந்த அதிர்வெண்ணில், இந்த அளவில் நரம்பும் தசையும் தூண்டப்படுவதில்லை, குழந்தைக்கு எதுவும் தெரியாது, கதிர்வீச்சும் இல்லை. மின்னோட்டம் போகும்போது மற்ற எலெக்ட்ரோடுகளில் மின்னழுத்தம் அளக்கப்படும். அப்புறம் அடுத்த ஜோடி, அதற்கடுத்த ஜோடி என்று ஒரு சுற்று முடியும். 16 எலெக்ட்ரோடு பெல்ட்டில் பக்கத்துப் பக்கத்து ஜோடியாக அளந்தால் ஒரு சுற்றுக்கு 16 × 13, அதாவது 208 அளவீடுகள். இப்படி நொடிக்கு 50 சுற்று வரை எடுக்கும் கருவிகள் உண்டு.

காற்று மின்னோட்டத்தை விடாது, ரத்தமும் நீரும் விடும். வாய்க்கால் தண்ணீர் மேட்டைச் சுற்றிக்கொண்டு பள்ளத்தில் ஓடுவதுபோல, மின்னோட்டம் காற்று நிரம்பிய இடத்தைத் தவிர்த்துப் போகும். நுரையீரல் நன்றாக விரியும்போது அதன் மின்தடை ஏறக்குறைய இரு மடங்காகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத் தோலின் மேலிருந்தே கணக்கிட்டுப் படமாக்குவதுதான் வேலை. வெளியே அளந்ததை வைத்து உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கும் இந்தக் கணக்கை ஆல்பெர்ட்டோ கால்டெரோன் 1980ல் கணித வடிவில் முன்வைத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் டேவிட் பார்பரும் பிரையன் பிரவுனும் அதை மனித உடலில் படமெடுக்கும் கருவியாக்கினார்கள்.

208 எண்களிலிருந்து வரும் படம் மங்கலாகத்தான் இருக்கும். சிடி ஸ்கேன்போலக் கூர்மையை எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் 32 × 32 கட்டங்கள், மார்பின் நடுப்பகுதியில் இன்னும் மங்கல். காட்டுவதும் மெல்லிய வெட்டு அல்ல. பெல்ட்டுக்கு மேலேயும் கீழேயும் சில சென்டிமீட்டர் தடிமனுள்ள பகுதி முழுவதும் அந்தப் படத்தில் கலந்திருக்கும். நேரத்தில் கிடைக்கும் கூர்மைதான் இதன் பலம். ஒவ்வொரு மூச்சையும், அது தொடங்கி முடியும் வரை தொடர்ந்து பார்க்கலாம்.

யாருக்குக் கட்டலாம்

குழாய் போட்டு வென்டிலேட்டரில் இருப்பவர், சிபாப்பில் திணறுபவர், சர்ஃபக்டன்ட் பெறப்போகிறவர், நொடிக்குப் பல முறை சிறு அதிர்வாகக் காற்று தரும் அதிவேக அதிர்வு வென்டிலேட்டரில் இருப்பவர் ஆகிய குழந்தைகளுக்கு இதனால் பயன் அதிகம். பேஸ்மேக்கர் போன்ற மின்கருவி உடலுக்குள் இருந்தால் கூடாது. பெல்ட் படும் இடத்தில் புண், அறுவைக் காயம், வடிகுழாய்க் கட்டு இருந்தாலும் வேண்டாம். மிக முன்னதாகப் பிறந்த குழந்தையின் தோல் முதல் சில நாள் ஈரக் காகிதம் மாதிரி கிழியக்கூடியது. அவர்களுக்குக் கட்டுவதா என்ற முடிவு மூத்த மருத்துவருடையது. நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். கருவிக்கு அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச எடையும் மார்புச் சுற்றளவும் கையேட்டில் இருக்கும், அதையும் பாருங்கள்.

பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். குழந்தையின் உடலில் இன்னொரு ஒயர் சேரும்போது அம்மாவின் முகம் மாறும். "நுரையீரலில் காற்று எங்கே போகிறது என்று பார்க்கும் பெல்ட், வலிக்காது, நீங்கள் தொடலாம்" என்ற மூன்று விஷயங்களும் அவர்கள் காதில் விழ வேண்டும்.

பெல்ட்: பாதி வேலை இங்கேதான்

முதலில் அளவு. முலைக்காம்பு மட்டத்தில், குழந்தை மூச்சு விட்டு முடிக்கும்போது டேப்பால் சுற்றளவை எடுங்கள். ஒரு கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அது பெரும்பாலும் 25 செ.மீ.க்கும் குறைவாக இருக்கும், அரை சென்டிமீட்டர்கூடப் பெரிய வித்தியாசம். அட்டவணையில் இரண்டு அளவுகளுக்கு நடுவில் வந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார், அதன்படி செய்யுங்கள்.

அடுத்தது இடம். முலைக்காம்பு மட்டத்திலோ அதற்குச் சற்று மேலேயோ, மார்பைக் குறுக்காகச் சுற்றி, முதுகுப்பக்கமும் அதே உயரத்தில் வர வேண்டும். கீழே இறங்கிவிட்டால் உதரவிதானமும் கல்லீரலும் படத்துக்குள் நுழைந்துவிடும். அப்போது திரையில் தெரிகிற அலை நுரையீரலுடையதா வயிற்றுடையதா என்று யாராலும் பிரிக்க முடியாது. முதுகுப்பக்கம் சரிந்து கிடக்கும் பெல்ட்டைத்தான் புதியவர்கள் கவனிக்காமல் விடுவார்கள், ஏனென்றால் அது கண்ணில் படாது.

கட்டுவதற்கென்று குழந்தையைத் தனியாக எழுப்பாதீர்கள். டயப்பர் மாற்றும்போதோ புரட்டிப் படுக்க வைக்கும்போதோ சேர்த்துச் செய்யுங்கள். ஒருவர் தலையையும் குழாயையும் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் விரித்து வைத்த பெல்ட்டை முதுகுக்குக் கீழே நுழைக்க வேண்டும். தோல் சுத்தமாக, எண்ணெயோ கிரீமோ இல்லாமல் இருக்கட்டும். தொடர்பு திரவம் தேவைப்படும் பெல்ட் என்றால் அதை முன்பே இன்குபேட்டர் வெப்பத்துக்குக் கொண்டுவந்து வையுங்கள், குளிர்ந்த திரவம் சின்னக் குழந்தையின் உடல்வெப்பத்தை இறக்கும். ஈசிஜி ஒட்டிகள் பெல்ட்டின் பாதையில் இருந்தால் தோளுக்கும் வயிற்றுக்கும் மாற்றிவிடுங்கள்.

இறுக்கம் எவ்வளவு? எலெக்ட்ரோடுகள் தோலைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் மார்பு விரிவதை பெல்ட் தடுக்கவே கூடாது. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலை வந்தால் சிக்னலை விட்டுவிடுங்கள். சுவாசத்தைப் பார்க்க வந்த கருவி சுவாசத்தைக் குறைக்கக் கூடாது.

கட்டி முடித்ததும் தொடர்புத் தரத்தைப் பாருங்கள். எந்த எலெக்ட்ரோடு சரியாகத் தொடவில்லை என்று கருவி தனித்தனியாகக் காட்டும். ஒன்றிரண்டு போனால் 32 எலெக்ட்ரோடு கருவிகள் சமாளித்துக்கொள்ளும். வரிசையாகப் பல போனால் அது பெரும்பாலும் முதுகுப்பக்கம் பெல்ட் மடங்கியிருப்பதன் அடையாளம்.

கடைசியாக இடம்-வலம் சரிபார்ப்பு. சிடி படத்தைப்போலவே திரையில் குழந்தையின் வலப்பக்கம் உங்கள் இடப்பக்கம் வரும், மார்பின் முன்பக்கம் மேலே வரும். பெல்ட்டைத் தலைகீழாகக் கட்டினால் இடதும் வலதும் மாறிவிடும். மாறிய படத்தைப் பார்த்துக் குழாயை நகர்த்தினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பெல்ட்டில் உள்ள குறியையும், திரையில் குழந்தை மல்லாந்தா குப்புறவா என்று பதிந்திருப்பதையும் சத்தமாகச் சொல்லி இருவரும் உறுதிப்படுத்துவது நல்ல பழக்கம்.

பதிவைத் தொடங்குமுன்

வடிகட்டி அமைப்பைப் பாருங்கள். பெரியவர்களுக்கான அமைப்பில் நிமிடத்துக்கு 40க்கு மேற்பட்ட வேகத்தை இதயத் துடிப்பு என்று நினைத்து வெட்டிவிடுவது வழக்கம். பச்சிளங்குழந்தை மூச்சு விடுவதே நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை, திணறும்போது இன்னும் அதிகம். இதயம் 120 முதல் 160. ஆக, பெரியவர் அமைப்பிலேயே விட்டால் மூச்சையே அழித்துவிட்டு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். குழந்தையின் மூச்சு வேகத்துக்கு மேலும் இதய வேகத்துக்குக் கீழும் எல்லை விழுமாறு வையுங்கள். அதிவேக அதிர்வு வென்டிலேட்டரில் அதிர்வு 10 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அதைப் பிடிக்க நொடிக்கு 20 படத்துக்கு மேல் எடுக்கும் அமைப்பு வேண்டும்.

சில மானிட்டர்கள் ஈசிஜி ஒயர் வழியாகத் தாங்களும் சிறு மின்னோட்டம் அனுப்பி மூச்சை எண்ணும். அது இஐடியோடு மோதலாம். அலையில் ஒழுங்கான விசித்திர நெளிவு தெரிந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு அந்த மூச்சு எண்ணும் வசதியை மட்டும் நிறுத்திப் பாருங்கள். ஆக்ஸிஜன், இதயத் துடிப்பு எச்சரிக்கைகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம் நேரம். இஐடி, வென்டிலேட்டர், மானிட்டர் மூன்றின் கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வித்தியாசம் இருந்தால் எந்த மாற்றம் எதனால் வந்தது என்று பின்னால் சொல்ல முடியாது.

சரி, இனி தொடக்கப் பதிவு. குழந்தை அமைதியாக, யாரும் தொடாமல் இருக்கும்போது சில நிமிடங்கள் எடுங்கள். படுத்திருக்கும் நிலை, தலை திரும்பியிருக்கும் பக்கம், வென்டிலேட்டர் அழுத்தங்கள், ஆக்ஸிஜன் சதவீதம் இவற்றை எழுதுங்கள். தலையின் திசைகூட இரு நுரையீரல்களுக்கும் காற்று பிரிவதை மாற்றலாம். இனி வரும் எல்லா ஒப்பீடும் இந்தப் பதிவோடுதான்.

வாசிக்கும் வரிசை

கண் முதலில் குழந்தைக்குப் போகட்டும், அப்புறம் அலைக்கோட்டுக்கு, கடைசியாகத்தான் வண்ணப் படத்துக்கு. வண்ணம் கவர்ச்சியானது, ஆனால் பல கருவிகளில் அதன் அளவுகோல் தானாக மாறிக்கொள்ளும். பாதியாகச் சுருங்கிய மூச்சும் அதே பிரகாசத்தில் தெரியும். அளவுகோலைப் பூட்ட முடிந்தால் பூட்டுங்கள், முடியாவிட்டால் எண்ணைப் படியுங்கள்.

அலைக்கோட்டில் இரண்டு விஷயம். ஒன்று, ஒவ்வொரு மூச்சுக்கும் அலை எவ்வளவு உயர்கிறது என்பது. அது ஒரு மூச்சில் போய்வரும் காற்றோடு சேர்ந்து மாறும். இரண்டாவது, மூச்சு விட்டு முடிக்கும்போது அலை எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது. இதை அடிமட்டம் என்று வைத்துக்கொள்வோம். நுரையீரலில் தங்கிநிற்கும் காற்று கூடினால் அது ஏறும், குறைந்தால் இறங்கும்.

இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூச்சு முடிவு அழுத்தத்தை, அதாவது மூச்சு விட்டு முடித்த பிறகும் நுரையீரல் மூடாமல் தாங்கும் அழுத்தத்தை, கூட்டினீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிமட்டம் ஏறி, அலையும் உயர்ந்தால் மூடிக்கிடந்த காற்றறைகள் திறந்திருக்கக்கூடும். அடிமட்டம் ஏறி, அலை சிறுத்தால் நுரையீரல் அளவுக்கு மீறி ஊதியிருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அழுத்தத்தைக் குறைத்தபோது இரண்டும் இறங்கினால் நுரையீரல் சுருங்குகிறது. அடிமட்டம் இறங்கி அலை உயர்ந்தால் முன்பிருந்த அழுத்தம் கூடுதலாக இருந்திருக்கலாம். இந்தக் கணக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரே அழுத்தம் தரும் முறையில் செல்லும். மூச்சின் அளவை மாறாமல் வைத்திருக்கும் முறையில் வென்டிலேட்டர் அலையைச் சமப்படுத்திவிடும். அப்போது அதற்கு எவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டது என்பதில்தான் பதில் இருக்கும். சிபாப்பில் தானாக மூச்சு விடும் குழந்தைக்கு அதன் முயற்சியே மூச்சுக்கு மூச்சு மாறும். சில நிமிடச் சராசரி பாருங்கள், ஒரு மூச்சை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அடுத்து இடம்-வலம் பங்கு. இதயம் இடப்பக்கம் இடம் பிடித்துக்கொள்வதால் வலது நுரையீரலின் பங்கு பாதிக்குச் சற்று மேல் இருப்பது இயல்பு. குழாய் போட்ட கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் முழுதாக மங்கி, வலப்பக்கம் மட்டும் ஒளிர்ந்தால் குழாய் வலது மூச்சுக்கிளைக்குள் இறங்கியிருக்கலாம். உடனே குழாயின் சென்டிமீட்டர் குறியைப் பாருங்கள், ஸ்டெதாஸ்கோப் வையுங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் குழாயைச் சற்று வெளியே இழுத்ததும் இடப்பக்கம் சில மூச்சுகளிலேயே திரும்புவதைத் திரையில் காணலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு இந்தக் கருவி மேல் நம்பிக்கை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆனாலும் குழாயின் இடத்தை உறுதிப்படுத்த எக்ஸ்ரே தேவை.

ஒரு பக்கம் அலை சிறுத்துக்கொண்டே போக, அதே பக்கத்தில் அடிமட்டம் மட்டும் விடாமல் ஏறினால் அது அவசரம். நுரையீரலுக்கு வெளியே காற்று சேரும்போது இப்படித் தெரியும். மார்பில் ஒளிபாய்ச்சிப் பார்ப்பதற்கும் அல்ட்ராசவுண்டுக்கும் எக்ஸ்ரேக்கும் ஏற்பாடு செய்யுங்கள். குழந்தை சரிந்துகொண்டிருந்தால் படத்துக்காகக் காத்திருக்காதீர்கள்.

முன்-பின் பரவல் புதியவர்களைக் குழப்பும். கீழே கிடக்கும் பகுதிக்குக் காற்று அதிகம் போகும் என்ற பெரியவர்களுக்கான விதியை இங்கே கொண்டுவராதீர்கள். பச்சிளங்குழந்தையின் மார்புக்கூடு மென்மையானது, காற்று பிரிவதும் வயது, நோய், உதவிமுறையைப் பொறுத்து மாறும். அந்தக் குழந்தையை அதே குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும்.

மூச்சல்லாத மாற்றங்கள்

அடிமட்டம் இறங்கினால் உடனே நுரையீரல் சுருங்கிவிட்டது என்று முடிவுக்கு வராதீர்கள். நரம்பு வழியாக உப்புக்கரைசலோ ரத்தமோ வேகமாகக் கொடுத்தாலும் மார்பின் மின்தடை இறங்கும். நீர் இறக்கும் மருந்து வேலை செய்யும்போது ஏறும். கையை மார்பு மேல் வைத்தாலும், உடலைத் திருப்பினாலும், பெல்ட் அரை விரல் நகர்ந்தாலும் கோடு தாவும். அம்மாவின் மார்போடு சேர்த்துத் தோலோடு தோலாக வைத்திருக்கும்போது பெல்ட் நழுவுவது சகஜம். அந்த நேரம் குழந்தைக்கு மிக முக்கியமானது, சிக்னலுக்காக அதைச் சுருக்க வேண்டாம். பெல்ட்டைக் கழற்றி மறுபடி கட்டினால் முந்தைய அடிமட்டத்தோடு ஒப்பிடவே கூடாது. புதிய தொடக்கப் பதிவு எடுங்கள்.

அதனால்தான் நிகழ்வுக் குறிப்பை இவ்வளவு வலியுறுத்துகிறேன். கருவியில் நிகழ்வைக் குறிக்கும் பொத்தான் இருக்கும். சளி எடுத்தது, புரட்டியது, பால் கொடுத்தது, அழுத்தம் மாற்றியது, மருந்து, அழுகை என எல்லாவற்றுக்கும் அதை அழுத்துங்கள். இரவுப் பணி முடிந்ததும் காலைப் பணிக்கு வருபவர் அந்தப் பதிவைப் பார்க்கும்போது 3 மணிக்கு ஏன் கோடு விழுந்தது என்று அவருக்குப் புரிய வேண்டும்.

இஐடி சொல்லாதவையும் உண்டு. மங்கிய இடத்தில் இருப்பது சுருங்கிய நுரையீரலா, நீரா, நிமோனியாவா என்று அது பிரித்துக் காட்டாது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு எவ்வளவு என்று தெரியாது. பெரும்பாலான கருவிகளில் எத்தனை மில்லிலிட்டர் என்ற எண்ணும் வராது, ஒரு குழந்தையின் எண்ணை இன்னொன்றோடு வைத்துப் பார்க்கவும் முடியாது. என் கருத்தில், இப்போதைக்கு இஐடியை மட்டும் வைத்து வென்டிலேட்டரைத் திருப்பக் கூடாது. மற்ற அறிகுறிகளோடு சேர்ந்து அது ஒரு குரல், ஆனால் நன்றாகக் கேட்க வேண்டிய குரல். அளவீட்டையும் பெயர்களையும் ஒழுங்குபடுத்த ட்ரெண்ட் என்ற சர்வதேச ஆய்வாளர் குழு 2017ல் வெளியிட்ட பரிந்துரைகளைத் தொடர்ந்து படிக்கலாம்.

எவ்வளவு நேரம், எப்படிக் கழற்றுவது

ஐரோப்பாவில் நடந்த கிரேடல் ஆய்வில் மூச்சுத்திணறல் உள்ள 200 பச்சிளங்குழந்தைகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் துணி பெல்ட் கட்டி 72 மணி நேரம் வரை கண்காணித்தார்கள். சில குழந்தைகளுக்கு மட்டும் தற்காலிகச் சிவப்போ பெல்ட் தடமோ வந்தது. நீங்கள் கவனிக்க வேண்டியதும் இதைத்தான். சில மணிக்கொரு முறை, வேறு வேலைக்காகக் குழந்தையைத் தொடும்போது, பெல்ட்டைத் திறந்து முதுகையும் அக்குளையும் பாருங்கள். அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவக்கும் இடம் பரவாயில்லை. அழுத்தினாலும் மாறாத சிவப்பு, கொப்புளம், தோல் உரிவது இவற்றில் எது தெரிந்தாலும் கழற்றிவிடுங்கள்.

எம்ஆர்ஐக்கு முன்பும், இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் நிலை வந்தாலும் பெல்ட் உடலில் இருக்கக் கூடாது. எக்ஸ்ரே எடுக்கும்போது வைத்திருக்கலாமா என்பது பெல்ட்டின் வகையைப் பொறுத்தது, கையேட்டைப் பாருங்கள்.

கழற்றும்போது ஒட்டிக்கொண்ட இடத்தை இழுக்காமல் வெதுவெதுப்பான நீரால் ஈரப்படுத்தி எடுங்கள். ஒரு குழந்தைக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட பெல்ட்டை இன்னொரு குழந்தைக்குக் கட்டாதீர்கள். தோலின் நிலை, பெல்ட்டின் அளவு, கட்டிய உயரம், தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், இடையில் கழற்றி மறுபடி கட்டியிருந்தால் அந்த நேரம் எல்லாவற்றையும் குழந்தையின் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பதிவுக் கோப்பைச் சேமித்துவிட்டுக் கருவியை அணைக்கலாம்.